மார்க்கம் நகரிலிருந்து வெள்ளையர்கள் ஓடினார்களா?

"ஸ்காபரோவில் நீண்டகாலம் இருந்துவிட்டு இப்போது மார்க்கம் நகரில் வீடு வாங்க எண்ணுகிறோம். அங்கே வெள்ளையர் ஐந்தில் ஒருவராகக் குறைந்துவிட்டார்கள் என்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் போனதால்தான் அவர்கள் ஓடினார்களா? அந்தக் கணக்கில் தமிழர் எத்தனை பேர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாக இது புள்ளிவிவரம் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, நாங்கள் ஓரிடத்தில் போய்க் குடியிருப்பதே அங்கே முன்பிருந்தவரைக் கிளப்பிவிடும் செயலாகிவிடுமோ என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. மார்க்கம் உட்பட, கனடாவின் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள நகரங்களின் திட்டமிடல் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். பாடசாலை எங்கே வேண்டும், பேருந்து எந்தத் தெருவில் ஓட வேண்டும் என்பதற்காகக் குடிசன மதிப்பீட்டின் அட்டவணைகளோடு நெடுங்காலம் பழகியிருக்கிறேன். எண்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். மனிதர்களின் மனதில் இருந்ததைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இரண்டையும் கலக்காமல் எழுத முயல்கிறேன்.

முதலில் உறுதியானது. ஒரு நகரில் ஒரு சமூகத்தின் விகிதம் குறைவதும், அந்தச் சமூகத்து மனிதர்களின் எண்ணிக்கை குறைவதும் ஒன்றல்ல. மார்க்கம் பற்றிய பேச்சில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பங்கு இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் வருகிறது. 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மார்க்கத்தின் சனத்தொகை 208,615. அதில் "விசிபிள் மைனாரிட்டி", அதாவது தோற்றத்தால் வேறுபடுத்தி அறியத்தக்க சிறுபான்மையினர் என்று அரசு வகைப்படுத்துவோர் 55.5 சதவீதம். 2006இல் சனத்தொகை 261,573 ஆனது, அந்த வகையினர் 65.4 சதவீதம் ஆனார்கள். ஐந்தே ஆண்டுகளில் மற்றவர்களின், அதாவது பெரும்பாலும் வெள்ளையர்களின், பங்கு 44.5இலிருந்து 34.6க்கு இறங்கிவிட்டது. இதை மட்டும் பார்ப்பவர், பத்தில் ஒரு பங்கு மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நினைப்பார். தலைகளை எண்ணிப் பார்த்தால் கதை வேறு. 2001இல் அவர்கள் ஏறத்தாழ 92,000 பேர், 2006இல் ஏறத்தாழ 90,000 பேர். விகிதம் சரிந்த அந்த ஐந்து ஆண்டுகளில் ஆட்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தார்கள். அவர்களைச் சுற்றி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதிதாக வந்து சேர்ந்தார்கள், அவ்வளவுதான். பாலில் தண்ணீர் சேர்ந்தால் பால் எங்கும் போய்விடுவதில்லை.

அந்தப் புதியவர்கள் யாருடைய வீட்டில் குடியேறினார்கள் என்பதே அடுத்த கேள்வி. பெரும்பாலும் யாருடைய வீட்டிலும் அல்ல, அதற்கு முன் சோளமும் புல்லும் விளைந்த நிலத்தில். மார்க்கத்தின் சனத்தொகை 1971இல் 36,684, 1981இல் 77,037, 1991இல் 153,811. பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டித்த ஊர் இது. இதற்கு நான் சொல்லும் காரணத்தைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். அந்தக் காரணம் கழிவுநீர்க் குழாய். ஒன்ராறியோ ஏரியிலிருந்து தள்ளியிருக்கும் இந்த நிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டுவதென்றால் கழிவுநீரை ஏரிக்கரைச் சுத்திகரிப்பு நிலையம் வரை கொண்டுபோக வேண்டும். யோர்க், டுர்ஹம் ஆகிய இரு பிராந்தியங்களையும் இணைத்துப் பிக்கரிங்கில் உள்ள டஃபின் கிரீக் நிலையம் வரை ஒரு பெருங்குழாய் வந்த பிறகுதான் மார்க்கம் பெருநகரமாகும் வழி திறந்தது. அதோடு 404ஆம் நெடுஞ்சாலை, 1997இல் திறக்கப்பட்ட 407ஆம் நெடுஞ்சாலை, கணினி நிறுவனங்களின் அலுவலகங்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. குழாயும் சாலையும் வந்த நேரத்தில் கனடாவுக்குள் வந்துகொண்டிருந்தவர்கள் யாரோ, அவர்களே அந்த வீடுகளை வாங்கினார்கள். ஐம்பதுகளில் இதே வளர்ச்சி நடந்திருந்தால் அவை இத்தாலியரும் ஆங்கிலேயரும் வாங்கிய வீடுகளாக இருந்திருக்கும்.

ஏனென்றால் அன்றைய சட்டம் வேறு. சீனர் வருவதை 1923ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ முற்றாகத் தடுத்தது. 1947இல் அது நீக்கப்பட்ட பின்பும் ஆசியர்களுக்குக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. 1962இல் இனம் சார்ந்த விதிகள் பெரும்பாலும் விலக்கப்பட்டு, 1967இல் விண்ணப்பிப்பவரின் தகுதிகளுக்குப் புள்ளிகள் வழங்கும் புள்ளிமுறை வந்த பிறகே படிப்பும் தொழிலும் முதன்மை பெற்றன. 1984இல் ஹொங்கொங்கைச் சீனாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது, 1989இல் தியனென்மென் சதுக்கத்தில் படுகொலை நடந்தது. ஒப்படைப்பு நடக்கவிருந்த 1997ஐ அஞ்சிய ஹொங்கொங் நடுத்தர வகுப்பு கனடாவை நோக்கியது. ஸ்டீல்ஸ், கென்னடி சந்திப்பில் நிற்கும் பசிபிக் மாலைப் பார்த்திருப்பீர்கள். 1997இல் திறந்த அந்தக் கட்டடத்தில் கடைகள் வாடகைக்கு விடப்படுவதற்குப் பதில் அடுக்குமாடி வீடுகளைப் போலத் தனித்தனியாக விற்கப்பட்டன. சிறிய முதலோடு வந்த ஒரு குடும்பம் தனக்கென ஒரு கடையைச் சொந்தமாக வாங்கும் ஹொங்கொங் வழக்கம் அப்படியே இங்கே வந்து இறங்கியது. இங்குள்ள பெரிய அங்காடி நிறுவனங்களுக்கு அது பழக்கமில்லாத முறை. கன்ரனீஸ் பேசியவர்களைத் தொடர்ந்து, தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து பெருநிலச் சீனாவின் மண்டரின் பேசுவோர் வந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரு கூட்டமும் "சீனர்". உள்ளே மொழியும் வந்த காரணமும் அரசியல் நினைவும் வேறு வேறு.

நம்மவர் வந்த வழி உங்களுக்குத் தெரியும், ஆகவே சுருக்கிச் சொல்கிறேன். இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 யூலை வன்முறைக்குப் பிறகு வந்தவர்களில் பலர் ரொறன்ரோ நகரின் நடுவே செயின்ற் ஜேம்ஸ் ரவுண் மாடிவீடுகளில் தொடங்கி, ஸ்காபரோவுக்கு நகர்ந்து, கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஸ்டீல்ஸ் தெருவைத் தாண்டினார்கள். ஸ்டீல்ஸ் தெருதான் ரொறன்ரோவின் வடக்கு எல்லை. தெருவுக்குத் தெற்கே இருக்கும் கோயிலையும் கடையையும் விடாமல், வடக்கே புதிய வீடு வாங்கலாம். மார்க்கத்தின் தென்கிழக்கில், மிடில்பீல்ட், மார்க்கம் வீதிப் பக்கங்களில் தமிழர் செறிந்திருப்பதற்கு இந்த எல்லைக்கோட்டின் அருகாமைதான் பெருங்காரணம் என்பது என் கணிப்பு. 2006இல் அந்தப் பகுதியின் 7ஆம் வட்டாரத்திலிருந்து லோகன் கணபதி நகரசபைக்குத் தெரிவானதும், வன்னி என்ற பெயரில் அங்கே ஒரு தெரு இருப்பதும் அதன் விளைவுகள்.

வேற்றினத்தவர் குடிவரும்போது வெள்ளையர் திரளாக வெளியேறுவதைக் குறிக்கும் வெள்ளையர் ஓட்டம் என்ற சொல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. மிசூரி மாநிலத்தின் செயின்ற் லூயிஸ் நகரை அடுத்துள்ள ஃபேர்குசன் என்ற புறநகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் அதன் சனத்தொகை 22,286, அதில் வெள்ளையர் ஏறத்தாழ 74 சதவீதம், கறுப்பினத்தவர் 25 சதவீதம். 2010இல் சனத்தொகை 21,203, வெள்ளையர் 29 சதவீதம், கறுப்பினத்தவர் 67 சதவீதம். ஊர் வளரவில்லை, புதிய வீடுகள் பெரிதாக எழவில்லை, ஆனால் பதினாறாயிரம் போல் இருந்த வெள்ளையர் ஆறாயிரம் அளவுக்குக் குறைந்தார்கள். அங்கே ஒருவர் உள்ளே வர வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போக வேண்டியிருந்தது. அதோடு, யாருக்கு எந்தத் தெருவில் வீட்டுக்கடன் கொடுப்பது என்பதை இனத்தைப் பார்த்துத் தீர்மானித்த நீண்ட வரலாறும் அந்தப் பெருநகரப் பகுதிக்கு உண்டு. மார்க்கத்தின் கதையை இந்த அச்சில் வார்ப்பது தவறு என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். விகிதங்களின் வரைபடம் இரண்டுக்கும் ஒன்றுபோலத் தோன்றும். அவற்றின் அடியில் உள்ள மனித நடமாட்டம் வேறு.

ஆனால் என் கணக்கு 2006இல் நின்றுவிட்டால் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். அதற்குப் பிறகு எண்ணிக்கையும் குறைந்தது. 2011இல் சனத்தொகை 301,709, விசிபிள் மைனாரிட்டி 72.3 சதவீதம். மற்றவர்கள் ஏறத்தாழ 83,000. 2016இல் சனத்தொகை 328,966, அந்த வகையினர் 77.9 சதவீதம். மற்றவர்கள் ஏறத்தாழ 72,000. 2021இல் அவர்களின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது, ஆகவே எண்ணிக்கையும் இன்னும் இறங்கியிருக்கிறது. 2011ஆம் ஆண்டு எண்ணை மட்டும் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டில், இனமூலம், தோற்றப்பிரிவு போன்றவற்றைக் கேட்கும் நீண்ட படிவம் கட்டாயமற்றதாக்கப்பட்டு, விரும்பியவர்கள் மட்டும் நிரப்பினார்கள். யார் நிரப்பாமல் விட்டார்களோ அவர்கள் எல்லாச் சமூகத்திலும் சமமாகப் பரந்திருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் 2006ஐயும் 2016ஐயும் நேரே ஒப்பிட்டாலே பதினேழாயிரம், பதினெட்டாயிரம் பேர் குறைந்தது தெளிவு.

இதைப் பார்த்து, அப்படியானால் இரண்டாம் பத்தாண்டில் ஓட்டம் நடந்தது என்று முடிவுகட்டலாமா? இங்கேதான் ஐயத்துக்குரிய பகுதி தொடங்குகிறது. குடிசன மதிப்பீடு ஒருவர் ஓராண்டுக்கு முன்னும் ஐந்தாண்டுக்கு முன்னும் எங்கே வசித்தார் என்று கேட்கும். ஏன் இடம் மாறினார் என்று கேட்காது. காரணத்தை அந்த அட்டவணையிலிருந்து எடுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் செய்யக்கூடியது, ஒருவரும் ஒருவரையும் வெறுக்காமலேயே இப்படி ஒரு சரிவு நடக்கக்கூடும் என்பதைக் காட்டுவது மட்டுமே. 1978இல் கட்டப்பட்ட ஒரு தெருவை எண்ணிப் பாருங்கள். முப்பது வயதில் இரு குழந்தைகளோடு வந்த தம்பதிக்கு 2010இல் அறுபது தாண்டிவிட்டது. நால்வர் இருந்த வீட்டில் இப்போது இருவர், சில வீடுகளில் ஒருவர். பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போக நினைக்கும்போது பெற்றோரின் தெருவில் வீட்டுவிலை அவர்களுடைய சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. அவர்கள் ஸ்ரூவ்வில், டுர்ஹம் பக்கம் போகிறார்கள். பெற்றோர் ஒருநாள் வீட்டை விற்கிறார்கள். வாங்க வருபவர் சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்தவர், ரொறன்ரோப் பெரும்பாகத்தில் அந்த வயதுக் குடும்பங்களில் மிகப் பல குடிவரவாளர் குடும்பங்கள். ஒவ்வொரு விற்பனையும் தனித்தனியே இயல்பானது. முப்பது விற்பனைக்குப் பிறகு தெருவின் முகம் மாறியிருக்கும்.

இந்த விளக்கமே பெரும்பகுதிக்குப் போதுமானது என்று நான் நம்புகிறேன். முழுமைக்கும் போதுமானது என்று சொல்லமாட்டேன். கடைப் பெயர்ப்பலகையை வாசிக்க முடியவில்லை, என் ஊர் எனக்கே அந்நியமாகிவிட்டது என்ற மனவருத்தத்தோடு போனவர்களும் இருந்தார்கள். பொதுக்கூட்டங்களில் அப்படிப் பேசிய முதியவர்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் இனவெறியர்கள் என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. நாற்பது ஆண்டுகள் ஒரே கடையில் ரொட்டி வாங்கியவருக்கு அந்தக் கடை மூடப்படுவது இழப்புத்தான். ஊரை இழப்பதென்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்த வருத்தம் அதிகாரத்தில் இருப்பவர் வாயில் வேறு பொருள் பெறும். 1995இல் மார்க்கத்தின் அன்றைய துணை மேயர் கரோல் பெல், ஓர் இனத்தவர் ஓரிடத்தில் செறிவது பிணக்கை வளர்க்கிறது, ஊருக்கு முதுகெலும்பாக இருந்த பழைய குடிகள் வெளியேறுகிறார்கள் என்ற பொருள்படப் பேசினார். சீன வணிகத் தொகுதிகள் அடுத்தடுத்து எழுந்துகொண்டிருந்த காலம் அது. சீனச் சமூகம் திரண்டு எதிர்த்தது, சுற்றுப்புற நகரங்களின் மேயர்கள் பலர் கூட்டாக அந்தக் கருத்தை மறுத்தார்கள். அவர் சொன்னதற்குப் பின் வந்த மதிப்பீடுகளை மேலே கொடுத்தேன். 2001க்கும் 2006க்கும் இடையில் அந்த முதுகெலும்பு இரண்டாயிரம் பேர் அளவில்தான் குறைந்தது. பிறப்பு, இறப்பு, சாதாரண இடமாற்றம் ஆகியவற்றுக்குள் அடங்கிவிடும் குறைவு அது.

பழைய குடிகள் என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மிசிசாகா முதற்குடிகள் வாழ்ந்த நிலத்துக்கு 1794இல் வில்லியம் பெர்சி என்பவரின் தலைமையில் நியூயோர்க் பக்கமிருந்து ஜெர்மானியக் குடும்பங்கள் வந்தன. யூனியன்வில் பகுதியின் தொடக்கம் அவர்களோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. இன்று அரசுக் கணக்கில் "மற்றவர்" என்று ஒரே கட்டத்துக்குள் போடப்படுவோரில் அவர்களின் வழிவந்தவர்களும், அறுபதுகளில் வந்த இத்தாலியரும் கிரேக்கரும், தோர்ன்ஹில் பகுதி யூதர்களும், தொண்ணூறுகளில் வந்த ரஷ்ய மொழி பேசுவோரும், முதற்குடிகளும்கூட அடக்கம். வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்துக்காக உருவான வகைப்பாடு இது. முதற்குடிகள் அல்லாத, வெள்ளைநிறத்தவர் அல்லாத மக்கள் எல்லோரையும் அது ஒரே பெயரில் அழைக்கிறது. ஐந்தில் நான்கு பேர் "சிறுபான்மையினர்" ஆகிவிட்ட ஒரு நகரில் அந்தச் சொல் நமக்கு எதையும் விளக்கும் வலுவை இழந்துவிட்டது என்பது என் கருத்து.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, தமிழர் எத்தனை பேர். ஒரே எண்ணைக் கொடுத்து உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் படிவத்தின் மூன்று வெவ்வேறு கேள்விகள் மூன்று வெவ்வேறு தமிழரை எண்ணுகின்றன. தோற்றப்பிரிவுக் கேள்வியில் தமிழர் என்ற கட்டமே கிடையாது. தெற்காசியர் என்ற கட்டத்துக்குள் பஞ்சாபியர், குஜராத்தியர், பாகிஸ்தானியர், சிங்களவர் எல்லோரோடும் நாம் சேர்கிறோம். மார்க்கத்தில் அந்தக் கட்டம் 2006இல் ஏறத்தாழ 17 சதவீதம், 2016இல் ஏறத்தாழ 18. சீனர் அதே காலத்தில் ஏறத்தாழ 34இலிருந்து 45க்கு ஏறினார்கள். தாய்மொழிக் கேள்வி தமிழைத் தனியே எண்ணும், ஆனால் ஆங்கிலத்தையே முதலில் கற்ற நம் பிள்ளைகளை விட்டுவிடும். இனமூலம் பற்றிய கேள்வி எழுதுபவரின் சொல்லை ஏற்கும். தமிழர் என்று எழுதினால் தமிழர், இலங்கையர் என்று எழுதினால் இலங்கையர், கனடியர் என்று எழுதினால் கனடியர்.

இந்தக் கடைசிக் கேள்வி எவ்வளவு இளகியது என்பதற்கு ஒரு சான்று போதும். 2011இல் கனடா முழுவதும் 309,650 பேர் தம் மூலம் யூதர் என்று எழுதினார்கள். 2016இல் அது 143,665. யாரும் எங்கும் போகவில்லை. படிவத்தில் எடுத்துக்காட்டாகத் தரப்பட்ட பெயர்களின் பட்டியலிலிருந்து அந்தச் சொல் விடுபட்டிருந்தது, அவ்வளவே. ஆகவே மார்க்கத்துத் தமிழர் எண்ணிக்கையைப் பார்க்க விரும்பினால் மொழிக் கேள்வியின் எண்ணைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். அதற்கு மேல் எவ்வளவு என்பது அடுத்த தலைமுறை தன்னை எப்படி எழுதிக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. விகிதம் ஏறாமல் நிற்பதைப் பார்த்து நம்மவர் குறைகிறார்கள் என்றும் எண்ண வேண்டாம். எண்ணிக்கை கூடியது. ஆனால் வீட்டுவிலை ஏறியதும் ஏஜக்ஸ், பிக்கரிங், ஸ்ரூவ்வில் என்று நம் குடும்பங்களும் நகரத் தொடங்கின. மார்க்கத்தின் மொத்த வளர்ச்சியே 2001க்கும் 2006க்கும் இடையில் 25 சதவீதமாக இருந்து, 2016க்கும் 2021க்கும் இடையில் 3 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. இனி அங்கே வாங்கும் வீடு பெரும்பாலும் ஒருவர் விற்கும் வீடாகத்தான் இருக்கும். விற்பவர் வெள்ளையராக இருக்கலாம், ஹொங்கொங்கிலிருந்து வந்து முதுமையடைந்த ஒருவராகவும் இருக்கலாம், தமிழராகவும் இருக்கலாம்.

2021இல் எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கில் நீண்ட படிவம் ஒரு முதிய அம்மாவின் வீட்டுக்கு வந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்ததால் என்னைக் கூப்பிட்டார். குசினி மேசையில் தேத்தண்ணீர்க் கோப்பைக்கும் மருந்துப் பெட்டிக்கும் நடுவில் மடிக்கணினியை வைத்து, கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இனமூலக் கேள்வி வந்தபோது, "தம்பி, இலங்கை எண்டு போடுறதோ, தமிழ் எண்டு போடுறதோ? பிழையாப் போட்டாப் பென்சனை வெட்டிப்போடுவாங்களோ?" என்று கேட்டார். பென்சனுக்கும் இதற்கும் தொடர்பில்லை, நீங்கள் உங்களை என்னவென்று சொல்வீர்களோ அதையே எழுதலாம் என்றேன். தமிழ் என்று எழுதச் சொன்னார். பிறகு பேரனின் பக்கம் வந்தது. அவனுடைய தாய் இத்தாலிய வழிவந்தவர். "அவன் ரண்டும்தானே" என்றார். வெள்ளையர், தெற்காசியர் என்ற இரு கட்டங்களிலும் குறியிட்டோம். கணக்கிடும் விதியின்படி அவன் இப்போது தெற்காசியன், மார்க்கத்தின் விசிபிள் மைனாரிட்டியில் ஒருவன். அவனுடைய தகப்பன் தமிழராக அல்லாமல் ஈரானியராக இருந்து, மேற்காசியர், வெள்ளையர் என்று அவனுக்குக் குறியிட்டிருந்தால், அதே விதி அவனை மறுபக்கத்தில் சேர்த்திருக்கும். அந்தப் பையன் பிறந்ததும் வளர்ந்ததும் அதே வீட்டில்தான்.